ஃபோனுக்குள்ளிருந்து இறங்கிய மாமா

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தென்காசிப் பக்கம் அரசுப் பேருந்தில் நடத்துநர். இரண்டு பேருக்கு நடுவில் கொஞ்சம் இடம் தெரிந்தால் மற்றவர்களுக்கு அது இடைவெளி. மாமாவுக்கு அது ஆள் ஏற்றவேண்டிய இடம். டெல்லிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதில் மாற்றம் இருக்காது. சோபாவில் நானும் அப்பாவும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் நடுவில் வந்து பொத்தென்று உட்கார்ந்து இரண்டு பேர் தோளிலும் கை போட்டுக்கொள்வார். என் தட்டிலிருந்து அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒனக்கு உப்பு ஆவாது மருமவளே" என்பார். ஒருமுறை மெட்ரோ நெரிசலில், முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜியின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாக உள்ளே நகர்த்திவிட்டார். அவரும் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். முதுகில் பக்குவமாகக் கை வைத்தால் எந்த ஊர்க்காரரும் நகர்ந்து கொடுப்பார் என்பது மாமாவின் தொழில் அனுபவம்.

அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் அம்மாவுக்குத் தாய்வீடு என்றால் மாமாதான். எனக்குப் பத்து வயதான பிறகு, இனி நான் ஒருத்திதான் என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில், அம்மா உண்டானாள். பிரசவத்துக்குத் துணையாக வருவதற்கு மாமாவும் அத்தையும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். டிக்கெட் பத்திரமாக இருந்தது, ரயில்தான் ஓடவில்லை. முதல் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில் தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியில் அப்பாவைக்கூட வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அம்மா தனியாகப் போய், தனியாகப் பெற்று, தம்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

குழந்தை பார்க்க வந்தவர்கள் ஒருவரும் மாடி ஏறவில்லை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மா பால்கனியில் நின்று தம்பியை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவாள். கீழே கை தட்டுவார்கள். எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி தம்பிக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி, நாங்கள் கயிறு கட்டி இறக்கிய காய்கறிக் கூடையில் வைத்து அனுப்பினார். எதிர்வீட்டுக்காரர் கீழே இறங்கிப்போய்க் கூடையில் வைக்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளலாம். அம்மா அந்தக் கொலுசைச் சோப்புப்போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகும் மனசில்லாமல்தான் தம்பியின் காலில் மாட்டினாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்துவிட்டது. கன்னத்தைக் கிள்ள ஆளில்லை. 'பாட்டு பாடிக் காட்டு' என்று உயிரை எடுக்க ஆளில்லை. விருந்தாளிக்காக என் கட்டிலைக் காலி செய்து தரையில் பாய் போட வேண்டியதில்லை. வீட்டில் சானிடைசர் இலாகா முழுக்க என் பொறுப்பில் இருந்தது. பால் பாக்கெட், செய்தித்தாள், அப்பாவின் சாவிக்கொத்து எதுவும் என் கையிலிருந்த ஸ்ப்ரேக்குத் தப்பியதில்லை. அப்பாவே ஒருமுறை தப்பவில்லை.

ஆனால் அடுத்த வருடக் கோடையில் டெல்லி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தமாக இருந்தது. பால்கனிக்குக் கீழே நின்று தம்பிக்குக் கை தட்டியவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. அதிலிருந்து அம்மா தம்பியை இடுப்பைவிட்டு இறக்குவது குறைந்துபோனது. நடக்கத் தெரிந்தும் அவன் அதிகம் நடக்கவில்லை. அம்மா, அப்பா, நான் ஆகிய மூன்று பேரைத் தவிர வேறு யார் கையும் அவன் மேல் பட்டதில்லை. மொட்டைகூட அப்பாவே ட்ரிம்மரால் போட்டுவிட்டார். தம்பியின் தலை கொஞ்ச நாள் எலி கடித்த தேங்காய்போல இருந்தது.

அவனுக்கு நான்காவதாக ஒரு ஆளைத் தெரியும் என்றால் அது மாமாதான். மாமா ஃபோனுக்குள் இருந்தார். தினமும் சாயங்காலம் அம்மாவின் ஃபோனில் தோன்றி, விசில் ஊதி, "ஏறு ஏறு, பூரா சீட்டும் காலி" என்று கூவுவார். தம்பி கெக்கலி கொட்டிச் சிரிப்பான். பேச்சு வந்ததும் அவன் அம்மா, அப்பா என்று சொல்வதற்கு முன்னால் ஃபோனைப் பார்த்து 'மாமா' என்றான். ஃபோன் சார்ஜில் இருந்தால், மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் சொல்வோம். நம்பிவிடுவான்.

எல்லாம் ஒருவழியாக அடங்கி, நான் ஏழாம் வகுப்பு முடித்த சமயம், தம்பிக்கு இரண்டு வயது முடிந்தது. மூன்றாம் வயதில் காது குத்திவிடலாம் என்று நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி வேறு யாருக்கும் போகாது. பெரிய மனஸ்தாபத்தில் இருக்கும் மாமன்கள்கூட அன்றைக்கு மட்டும் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது மடியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் மாமாவுக்கு மனஸ்தாபம் ஏதும் கிடையாது. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கிவிட்டார். அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கக் கடுக்கன், வெள்ளி அரைஞாண், பட்டுத்துணி, ஒரு பெட்டி அல்வா எல்லாவற்றையும் மாமாவே சுமந்து வந்திருந்தார்.

மாமா வருவதை அப்பாவின் ஃபோனில் படம்பிடித்தபடி நான் வாசலில் நின்றிருந்தேன். இன்னொரு கையில் ஸ்ப்ரே இருந்தது. கட்டிப்பிடித்துவிடப் போகிறாரே என்ற பயத்தில் எட்ட நின்றே தலையை ஆட்டி, "மாமா, பெஹ்லே, மொதல்ல, ஹேண்ட் சானிடைஸ் பண்ணுங்க" என்றேன். அல்வாப் பெட்டிக்கும் இரண்டு அடி அடித்தேன். அம்மா உள்ளிருந்தே, "அண்ணே, மொதல்ல குளிச்சிருங்க. எதையும் தொட்டுராதீங்க" என்றாள். இரண்டு வருடம் கழித்து வந்த அண்ணனுக்கு அதுதான் வரவேற்பு. மாமா சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். நான் மறுபடியும் படம்பிடிக்க ஆரம்பித்தேன். இரண்டு கையையும் விரித்து, "வாங்க மருமவனே" என்றார். அம்மா ஒரு அடி பின்னால் வைத்தாள். தம்பி அலறினான். சும்மா அலறலில்லை, குக்கர் விசிலை யாரோ பிடுங்கி எறிந்த மாதிரி. கால் இரண்டையும் அம்மாவின் இடுப்பில் பூட்டிக்கொண்டு, மேஜைமேல் இருந்த ஃபோனைக் காட்டிக் காட்டி, "மாமா, மாமா" என்று கதறினான். வீட்டுக்குள் புகுந்துவிட்ட இந்த மீசைக்காரரிடமிருந்து தன்னைக் காப்பாற்ற அவனுடைய சொந்த மாமாவைக் கூப்பிடச் சொல்கிறான். பதற்றத்தில் அம்மாவும் யோசிக்காமல் நம்பரை அழுத்திவிட்டாள். எதிரே நின்ற மாமாவின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஆனால் விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தம்பி தூங்கும்போது மாமா மடியில் போட்டுக் குத்திவிடலாம் என்றாள் அம்மா. குத்தினால் விழித்துக்கொள்ள மாட்டானா என்றார் அப்பா. அப்பா மடியில் உட்காரவைத்து, மாமா பின்னால் நின்று பட்டும்படாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஐந்தாம் வயதிலும் குத்தலாம், ஒன்றும் குற்றமில்லை என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் சொன்னது அம்மாதான். மாமா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"எம் மடி இல்லாமக் குத்துனா அது காதுகுத்தா? ஊசி போட்ட மாதிரில்லா ஆயிரும்" என்றார். என் தட்டில் அப்பளம் முழுசாக இருந்தது. அவர் அதை ஒடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நான் இவ்வளவு நாள் விரும்பியதும் அதுதான். இருந்தாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் காலையில் மாமாவைக் காணவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டால் ஆளில்லை. கோபித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாரோ என்று அம்மாவுக்குக் கை ஓடவில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் ஃபோன் அடித்தது. திரையில் மாமா. விசில் ஊதினார். "ஏறு ஏறு, பூரா சீட்டும் காலி." தம்பி இடுப்பிலிருந்தபடியே துள்ளினான். காணாமல்போன அவனுடைய மாமா திரும்பக் கிடைத்துவிட்டார். நேற்று வந்த மீசைக்காரரைப் பற்றித் தன் மொழியில் நீளமாகப் புகார் செய்தான். மாமா உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "ஏட்டி, படம் ஆடுது. ரெண்டு கையாலயும் பிடி" என்றார்.

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமென்றால் தம்பியை இறக்கியாக வேண்டும். அம்மா அவனைச் சோபாவில் தன்னை ஒட்டி உட்காரவைத்துவிட்டு ஃபோனைப் பிடித்தாள். நான் வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். மாமா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி, நாங்கள் விருந்தாளியை வெளியே தள்ளிவிட்டோம் என்று முடிவுசெய்து அவருக்கு டீயும் மட்ரி என்ற உப்புப் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மாமாவுக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி வார்த்தை 'அச்சா'. ஆன்ட்டி எங்களைத் திட்டத் திட்ட அவர் எல்லாவற்றுக்கும் அச்சா அச்சா என்று தலையாட்டியிருக்கிறார்.

சாயங்காலம் எங்கள் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். மறுநாள் சமையலறையிலிருந்து. சமையலறையில் ஊதிய விசில் முதலில் சுவர் வழியாக வந்தது, ஒரு நொடி கழித்து ஃபோனிலிருந்து வந்தது. தம்பி ஃபோனைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் பார்த்தான், மறுபடியும் ஃபோனைப் பார்த்தான். அப்புறம் சோபாவிலிருந்து வழுக்கி இறங்கிச் சமையலறையை நோக்கி நடந்தான். அம்மா பாதி எழுந்துவிட்டாள். "ஏட்டி, அசையாத. படம் ஆடுது" என்றது ஃபோன். அம்மா உட்கார்ந்தாள். தம்பி சமையலறை வாசல்வரை போய், எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல் திரும்பி ஓடிவந்தான். ஓடிவந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு முறையும் மாமாவுக்குப் படம் ஆடியது. மாமாவுக்கு ஃபோனைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்பது என் தீர்ப்பு. என் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய ஃபோன் ஸ்டாண்டை எடுத்துவந்து பெருமையாக நீட்டினேன். மாமா அவசரமாக அதை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். "ஸ்டாண்டெல்லாம் சரிப்படாது மருமவளே. உங்கம்மா கைதான் சரியா இருக்கும்" என்றார். விஞ்ஞானம் தெரியாதவர் என்று நான் அவரை மன்னித்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் திரைச்சீலைக்குப் பின்னால் வந்துவிட்டார். ஃபோனைப் பிடித்திருந்த அம்மாவும் திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த அண்ணனின் கால்களைப் பார்த்து அடக்கமுடியாமல் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துத் தம்பியும் சிரித்தான்.

வியாழக்கிழமை என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அல்வாப் பெட்டியின் மூடியை நடுவில் வெட்டி, விளிம்புக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, கீழே சிவப்பில் ஒரு பொத்தான் வரைந்து, பெரிய ஃபோன் ஒன்று செய்து கொடுத்தேன். மாமா அதை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி கூடத்துக்கு நடந்து வந்தார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், தம்பி அவள் மடியில் இருந்தான். மாமா இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து விசில் ஊதினார். தம்பியின் உதடு பிதுங்கியது. இதோ ஆரம்பிக்கப் போகிறான் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அம்மாவின் கை தம்பியின் வயிற்றைச் சுற்றி வளைத்தது. மாமா அட்டைக்குள்ளிருந்து அவளைப் பார்த்து, "நீ கொஞ்சம் இந்த ஃபோனப் பிடி. கை வலிக்கி" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி அட்டையை வாங்கி மாமாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

இப்போது தம்பியை யார் கையும் பிடித்திருக்கவில்லை. அவன் அவள் மடியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு முன்னால் சாய்ந்து, ஒரு விரலை அட்டையின் ஓட்டைக்குள் விட்டு மாமாவின் மீசையைத் தொட்டான். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தான். இரண்டு வருடமாக வழவழவென்று கண்ணாடியாக இருந்த மாமாவுக்குத் திடீரென்று முள் முளைத்திருக்கிறது. மறுபடியும் தொட்டான். அப்புறம் மூக்கைப் பிடித்து இழுத்தான். மாமா "ரைட், போலாம்" என்றார். தம்பி அட்டையைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனான்.

வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்தில் பெரிய கூட்டம். பால்கனிக்குக் கீழே நின்று கை தட்டியவர்கள், அந்த ஒருவரைத் தவிர எல்லாரும், முதல்முறையாக மாடி ஏறி வந்திருந்தார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவர் கைக்கும் ஸ்ப்ரே அடிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி ஸ்ப்ரேயோடு சேர்த்து என்னையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஏலக்காய் மணம் வீசும் அந்தப் பருத்த தோளில் முகத்தை வைத்திருந்தது நன்றாகவும் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

கரோல் பாக்கில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெரியவர் காது குத்த வந்தார். மாமா பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டினார். தம்பி பட்டுத்துணியில் தடுக்கித் தடுக்கி நடந்துபோய், வழக்கமாக ஏறும் பஸ்ஸில் ஏறுகிறவன்போல் ஏறி உட்கார்ந்தான். "ஜல்தி, ஜல்தி" என்று ஆன்ட்டி பெரியவரை அவசரப்படுத்தினார். முதல் காது முடிந்த பிறகுதான் என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்தது. இரண்டாவது காதைக் குத்தி முடிப்பதற்குள் வீடே அதிர்ந்தது. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். தம்பி அம்மாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, திரும்பி மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான்.

அம்மா நீட்டிய கைகளோடு நின்றாள். மாமா ஒரு கையால் தம்பியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் பலகையில் தன் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தைக் காட்டினார். அங்கே ஒருவர் உட்கார இடமே இல்லை. அம்மா உட்கார்ந்தாள். அண்ணனின் மற்ற தோளில் தலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தம்பி அழுகையை நிறுத்தி லட்டு தின்ன ஆரம்பித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலித்தவன் லட்டு தின்கிறான், வலிக்காதவள் அழுகிறாள். தம்பியின் காதுக்காகக் கொண்டுவந்த மஞ்சள் கிண்ணத்தோடு அவர்கள் முன்னால் நின்று, "அம்மா, ஒனக்கா குத்தினாங்க?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா மருமவளே, அவளுக்கும் சேத்துத்தான்" என்றார் மாமா. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.

இப்போது நான் கல்லூரிக்குப் போகிறேன். தம்பி ஒன்றாம் வகுப்பு. மாமாவின் மருமகன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி வளர்ந்திருக்கிறான். சோபாவில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வந்து விழுகிறான், என் அப்பளத்தை ஒடிக்கிறான். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும் கதையாக இதை நான் பல வருடம் வைத்திருந்தேன்: ஃபோனுக்குள் இருக்கும் மாமாவை என் தம்பி எப்படிக் கீழே இறக்கினான் என்ற கதை.

போன மாதம் அப்பாவின் பழைய ஃபோனைக் குடைந்தபோது, மாமா வந்த அன்று நான் எடுத்த வீடியோ கிடைத்தது. தம்பியின் அலறலைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று போட்டேன். மாமா கையை விரிக்கிறார். அம்மா பின்னால் நகர்கிறாள். அவள் கை தம்பியின் முதுகில் இறுகுகிறது. தம்பி மாமாவைப் பார்க்கவேயில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறான். பார்த்த பிறகுதான் அழுகிறான். அன்றைக்கு மனிதர்களைக் கண்டு பயந்தது தம்பி இல்லை. இரண்டு வருடம் எல்லாரையும் எட்ட நிறுத்தி ஒற்றை ஆளாக ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய அம்மாவுக்கு, இனி கையை எடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், மாமா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு முன்னால் இரண்டு வருடமும் அம்மா ஒரு கையால் தம்பியையும் ஒரு கையால் ஃபோனையும் பிடித்துக்கொண்டுதான் மாமாவோடு பேசியிருக்கிறாள். படம் ஆடுகிறது என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை.